பிழிந்த துணி

அக்கா,

உன் பழைய நைட்டியைக் கிழித்து உன் மகள் மீனுவுக்குத் தைத்த துணிகளை இப்போதுதான் துவைத்துப் போட்டேன். ஐந்தாறு நாளாக அவற்றில் ஒரு காட்டமான நாற்றம் இருந்தது. இன்று இல்லை. நம்பாமல் இரண்டு முறை முகர்ந்து பார்த்தேன். மூத்திரப் பரிசோதனையின் முழு ரிசல்ட் இன்று வரும். அத்தான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சும்மா உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது சளியும் இல்லை, இருமலும் இல்லை. பல் முளைக்கிறது என்றார்கள். நானும் இரண்டு நாள் சிரப் கொடுத்தேன். மூன்றாம் நாள் குடித்த பாலையெல்லாம் கக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தார். மூத்திரத்தில் கிருமி இருந்தால் இந்த வயதில் காய்ச்சல் மட்டும்தான் வெளியே தெரியுமாம். விட்டுவிட்டால் கிட்னியைப் பிடிக்குமாம். நர்ஸ் ஒரு பாட்டிலைத் தந்து, பிள்ளையைக் கழுவிவிட்டு நேராக இதில் பிடிக்க வேண்டும் என்றார்.

நீ காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் மேல் அவளை வைத்து, 'ஸ்ஸ்ஸ்ஸூ' என்று ஒரு சத்தம் போடுவாய். "குக்கர் விசில் அடிக்குது" என்று நான் சிரிப்பேன். "சிரி, சிரி. பிள்ளைக்குப் புரியுதுல்ல?" என்பாய். நீ கண்ணை மூடிய இந்த ஏழு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் வீட்டில்கூடப் போட்டதில்லை. அத்தனை பேர் நடுவில் எப்படிப் போடுவேன்? அதற்குள் மீனு மடியிலேயே துணியை நனைத்துவிட்டாள். தூணுக்குப் பின்னால் போய் அந்தத் துணியைப் பாட்டிலில் பிழிந்தேன்.

"நேரே பிடிச்சதல்லே மோளே?" என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் தலை அப்படித்தான், உனக்குத் தெரியும். கடையிலும் பள்ளிக்கூடத்திலும் நீதான் எனக்காகப் பேசுவாய். "அவ வாயில கொழுக்கட்டை, எங்கிட்ட கேளுங்க." நீ போனபின் மீனுவுக்காக ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அதைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா, எதற்கு இரண்டாம் தடவை எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை போட்டார். வெளி அழுக்கு கலந்தால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும், மருந்து தொடங்கிவிட்டால் திரும்பப் பார்த்தாலும் கிருமி தெரியாமல் போகும் என்றார் நர்ஸ். அதற்குள் ஒருவர் எங்கள் பாட்டிலும் இருந்த தட்டைத் தூக்கினார்.

"சிஸ்டரே" என்றேன். என் குரல்தான். "அது துணி பிழிஞ்சது."

"எந்தா?"

"நேரே பிடிக்கல்ல. மருந்து கொடுக்கண்டா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் பாட்டிலைக் கொட்டிவிட்டு வேறொன்று தந்தார். "பறஞ்ஞது நன்னாயி. இனி வெள்ளம் கொடுத்து இரிக்கூ."

நான் சொன்னது நல்லதாம். தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. "நான் மூணு தடவ போயிட்டு வந்துட்டேன், இவ ஒருக்காகூட போகலியே" என்று, ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அத்தான் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் மீனுவைக் கழுவி, பெஞ்சில் காலை நீட்டி, பாதத்தில் உட்கார வைத்தேன். அத்தான் பாட்டிலைப் பிடித்தார். முதல் தடவை எச்சில்தான் தெறித்தது. எல்லோரும் திரும்பினார்கள். மறுபடி முயன்றேன். உன் சத்தம் வந்தது, அக்கா. மீனு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள். அப்புறம் பெய்தாள், பாட்டிலிலும் அத்தான் சட்டைக் கையிலும். அத்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதில் கிருமி இருக்கலாம் என்று தெரிந்து அன்றே மருந்து தொடங்கினார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் சரியான மருந்துதானா என்பதை இன்றைய தாள்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டோ வந்துவிட்டது. அத்தான் இறங்காமலே கூப்பிடுகிறார்.

"கிருமிதான். அதே மருந்துதான், மாத்த வேண்டாம்னு டாக்டர் பறஞ்சாரு."

மீனு விழித்துவிட்டாள். காலை நீட்டி அவளை உட்கார வைக்கிறேன். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். சன்னலை மூடவில்லை.