ஊட்டுக்கு மேல இருக்கிற தங்கம்

என்ற அருமை மாப்ளே, கல்லுப் பைத்தியம் ரங்கசாமிக்கு,

மேல சௌக்கியமா? அங்கயும் போற வழியில இருக்கிற கல்லையெல்லாம் சுத்தியல்ல தட்டிப் பாத்துட்டுத்தான் இருப்பே. யாராச்சும் தடுத்தா சண்டை போடாதே.

இங்க பச்சைத் தேயிலைக்கு இன்னும் விலை வரல. ஃபேக்டரி லாரி வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாப் பெருசு. கோத்தகிரிப் பக்கம் பாதிப் பேரு தேயிலையப் பிடுங்கிட்டுக் கேரட்டுப் போட்டுட்டாங்க. நானும் ஊட்டுக்கு மேல இருக்கிற சரிவைப் பிடுங்கறதாத்தான இருந்தேன்? கூலி ஆளுக்குக்கூடச் சொல்லியாச்சு. அன்னிக்குத்தான நீ வந்தே.

பாறை சர்வே பண்ண வந்த ஆபீசருங்களுக்குச் சாம்பிள் மூட்டை தூக்கினவன் நீ. அதுல நாலு வார்த்தை உன்ற வாயில ஒட்டிக்கிச்சு. வெள்ளையா எந்தக் கல்லைக் கண்டாலும் குவார்ட்ஸ்னு சொல்லுவே. என்னையே லேட்டரைட்டுன்னு, அதான் செம்புராங்கல்லுன்னு கூப்பிட்டவனாச்சே! ஏன்டான்னு கேட்டதுக்குச் சொன்னே:

"அந்தக் கல்லு மண்ணுக்குள்ள மெதுவா இருக்குமுங் மச்சான். வெட்டி வெளிய எடுத்தா காத்துப்பட்டு இறுகிக்கும். நீங்களும் ஊட்டுக்குள்ள அக்காகிட்ட மெதுவு, வெளிய எங்ககிட்ட கெட்டி."

அன்னிக்குத் துண்டுல முடிஞ்சு ஒரு கல்லைக் கொண்டாந்தே. மஞ்சளா மினுமினுன்னு இருந்துச்சு. காதோரம் வந்து, "ஏனுங் மச்சான், சத்தம் போடாதீங்க. உங்க சரிவுக்கு அடியில தங்க ஓட்டம் போகுது. மேல தேயிலை இருக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. பிடுங்கிடாதீங்க"ன்னே.

"எவ்வளவு ஆழத்துல?"

"அதை ஆபீசர்தான் சொல்லோணும்."

"எங்க அந்த ஆபீசர்?"

"லீவுல இருக்காருங்க."

ஆளை வேண்டாம்னு அனுப்பிட்டேன். உனக்கு வாயெல்லாம் பல்லு. மச்சானை ஏமாத்திட்டோம்கிற சந்தோசத்தோடயே ஆறு மாசத்துல போயும் சேந்துட்டே.

அன்னிக்கு மத்தியானமே நகத்தால சுரண்டிப் பாத்துட்டேன் மாப்ளே. வெங்காயத் தோலாட்டம் ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. தங்கம் உரியுமாடா? காக்காப்பொன்னு, வெறும் மைக்கா! அஞ்சாப்புப் படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா?

பின்னே எதுக்குத் தேயிலைய உட்டு வெச்சேன்? நீ காரணமில்லாம பொய் பேசற ஆளில்ல. நீ கெணத்துக்கு இடம் காட்டினப்ப, உன்ற பேச்சைக் கேக்கறதான்னு பத்தடி தள்ளி வெட்டிப் பாறையில முட்டினவன் நான். நேரா சொன்னா இந்த ஆளு கேக்க மாட்டான்னுதான தங்கத்தைக் கொண்டாந்தே?

போன மழையில காரணம் தெரிஞ்சு போச்சு. பக்கத்துல கேரட்டுப் போட்ட சரிவு அப்படியே வழுக்கி ரோட்டுக்கு வந்துருச்சு. நல்லவேளை, அதுக்குக் கீழ ஊடு எதுவும் இல்ல. போய்ப் பாத்தா செம்மண்ணுக்கு அடியில வெள்ளைக் களிமண்ணு, நனைஞ்ச சோப்பாட்டம். அதே களிதான என்ற சரிவுக்கு அடியிலயும்? தேயிலை வேரு மண்ணைக் கவ்விப் பிடிச்சு நிறுத்திருச்சு. என்ற சரிவுக்கு நேர் கீழதான்டா நம்ம ஊடு; என்ற மகனும் மருமகளும் அங்கதான் குடியிருக்காங்க.

களி இருக்குன்னு சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தா கேட்டிருப்பனா?

உன்ற அக்கா அந்தக் கல்லுக்கு மஞ்சக் குங்குமம் வெச்சு, சாமி மாடத்துல உக்கார வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமை தவறாம, "ஒரு மூக்குத்திக்காவது தேறுமாங்க?"ங்கறா. ஆபீசர் இன்னும் லீவுலதான் இருக்காருன்னு சொல்லிட்டேன்.

இலை விலை எந்தப் பாதாளத்துக்குப் போனாலும் அந்தச் சரிவுல ஒரு செடியைக்கூடப் பிடுங்க மாட்டேன். இது சத்தியம். அங்க வர்றப்ப அந்தக் கல்லையும் மடியில முடிஞ்சுட்டு வர்றேன். உன்ற முன்னால வெச்சு, ஏடு ஏடா உரிச்சுக் காட்டறேன். அப்ப உன்ற மூஞ்சியைப் பாக்கோணும்.

உன்ற அக்கா புருசன்,
லேட்டரைட்டு மச்சான்