ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி

9 ஜூன் 2025, திங்கள்

காலையிலிருந்தே சாரல். குற்றாலம் போகிற கார்கள் எங்கள் அலுவலகத் தெருமுனை வரை நின்றன.

ஆஸ்பத்திரிக்கான சர்வீஸ் மென்பொருளை அஃப்சல் எழுதி முடித்து டெஸ்டிங்குக்கு என்னிடம் தந்துவிட்டான். லேபில் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் முடிவு தானாக டாக்டரின் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். லேபின் மென்பொருள் வேறு, ஆஸ்பத்திரியினுடையது வேறு. நடுவில் தூது போவது இவன் எழுதியது. மாதக் கடைசியில் லைவ், அதாவது ஆஸ்பத்திரியில் நிஜமாகவே ஓடத் தொடங்கும். லைவ் போனால்தான் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ் அவனுக்கு ரிலீவிங் லெட்டர் தரும். அது வந்தால்தான் ஷார்ஜா வேலை. "சீக்கிரம் பாஸ் போட்டு விடு தாயே" என்கிறான். காலேஜில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே எல்லாவற்றிலும் அவசரம்தான்.

11 ஜூன்

எல்லாம் பாஸ். நெட் அறுந்தாலும் முடிவு தொலையவில்லை, திரும்ப அனுப்புகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்.

13 ஜூன்

நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லேபுக்குப் போனேன். அங்கே டெக்னீஷியன் இசக்கிச்செல்வி அக்கா. லேபின் சுரண்டைக் கிளையிலிருந்து வருகிற ரத்த ட்யூபில் நோயாளியின் ஆஸ்பத்திரி நம்பர் இருக்காதாம்.

"பிறகு எப்படிக்கா ஆளைக் கண்டுபிடிக்கீங்க?"

"பேரும் பிறந்த தேதியும் பாப்போம். சந்தேகம்னா போன் போட்டு வாப்பா பேரு கேப்போம். இங்கன சேக் மைதீன்னு கூப்பிட்டா நாலு பேரு எந்திரிப்பாங்கம்மா."

பிறந்த தேதியும் லேசுப்பட்டதில்லை. வயதானவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று.

அக்கா போன் போட்டுக் கேட்பாள். சர்வீஸ் யாரைக் கேட்கும்?

14 ஜூன், சனி

அஃப்சல் தந்த டெஸ்ட் டேட்டாவில் எந்தப் பெயரும் இரண்டாம் முறை வரவில்லை. நானே உண்டாக்கினேன். இரண்டு சேக் மைதீன், இருவருக்கும் ஒரே பிறந்த தேதி. ஒருவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், மற்றவருக்கு வெறும் காய்ச்சல். மாத்திரைக்காரரின் முடிவைச் சுரண்டையிலிருந்து வருவது மாதிரி அனுப்பினேன். காய்ச்சல்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் பாஸ் என்று திரையில் பச்சை.

முடிவில் வருகிற அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

16 ஜூன்

அஃப்சலிடம் காட்டினேன். "இப்பப் போயி சொல்லுத?" என்றான். பிறகு, "சுரண்டையைப் பத்தி எனக்குத் தந்த குறிப்புல ஒரு வார்த்தை கிடையாது, தெரியுமா?" உண்மைதான். அவன் மேல் தப்பில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மேனேஜர் சங்கரநாராயணன் சார் லைனில் வந்தார். "முதல்ல லைவ் போகட்டும்ங்க, அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிக்கலாம். இந்த மாதிரி எத்தனை கேஸ் வந்துறப் போகுது?"

"ஒண்ணு வந்தாப் போதும் சார்" என்றேன். டெஸ்டிங் முடிந்தது என்று ஒப்புதல் தர மாட்டேன் என்றும் சொன்னேன். சார் நான் செய்த டெஸ்டை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "சரி, லேப்காரங்களையும் லைனுக்குக் கூப்பிடுங்க" என்றார்.

போனை வைத்த பிறகு அஃப்சல் மெதுவாகச் சொன்னான்: "நான் பிளேன் ஏறினதுக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாமா? அதுவரைக்கும் முடிவுகள் போய்க்கொண்டிருக்குமே — யார் யாருக்கோ.

19 ஜூன்

முடிவாகிவிட்டது. இரண்டு பேர் பொருந்தினால் சர்வீஸ் ஊகிக்கக் கூடாது. முடிவை நிறுத்தி வைக்க வேண்டும். லேபில் ஒருவர் விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். அஃப்சல்தான் எழுதியாக வேண்டும், லைவ் தள்ளிப்போகிறது. ஷார்ஜாக்காரர்களிடம் தவணை கேட்டிருக்கிறான்.

27 ஜூன்

ஷார்ஜாக்காரர்கள் காத்திருக்கவில்லை. வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அஃப்சல் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

30 ஜூன்

பஜாரில் அவன் உம்மா மெஹர் பானுவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவங்களே பக்கத்தில் வந்துட்டாங்க.

"ஏம்மா செண்பகம், உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? உன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதான். கட்டி வச்ச பெட்டியக்கூடப் பிரிக்கல."

என்னத்தச் சொல்ல? வேலை ஜாஸ்தி சாச்சின்னு என்னமோ உளறிட்டு வந்தேன். நான் செஞ்சது சரிதான். சரின்னு தெரிஞ்சும் சாச்சி முகத்தப் பாக்க முடியல. பக்கத்து மேசையில உக்காந்துக்கிட்டு மெயில்ல பேசுதான். மெயில்ல!

18 ஜூலை

புதிதாக எழுதியதைச் சோதித்தேன். சேக் மைதீன்கள் இருவரும் கலந்துபோகவில்லை. முடிவு நின்று காத்திருந்தது. வேறு எப்படியெல்லாமோ ஏமாற்றிப் பார்த்தேன், ஏமாறவில்லை. ஒப்புதல் தந்தேன். அஃப்சலின் பதில் மெயில்: "நன்றி." அவ்வளவுதான்.

21 ஜூலை

லைவ். மாலை வரை ஒரு புகாரும் இல்லை.

6 ஆகஸ்ட்

இசக்கிச்செல்வி அக்கா போன் செய்தாள். "இன்னைக்கு ஒண்ணு நின்னுச்சும்மா. ரெண்டு குருவம்மாள், ஒரே தேதி. சுரண்டைக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் அனுப்பினேன்."

அஃப்சலிடம் வாய்விட்டே சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியான ஆளுக்குத்தான போச்சு?" என்றான்.

"ஆமா."

தலையை ஆட்டினான்.

22 ஆகஸ்ட்

அடுத்த வேலை வந்திருக்கிறது — டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டை நேரே மருந்துக்கடைக்கு அனுப்பும் சர்வீஸ். இன்று காலை அஃப்சல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தான்.

"இன்னும் முடியல. பாதிதான். குறிப்புல இல்லாததையெல்லாம் போட்டுப் பாரு. உடைஞ்சா இப்பவே உடையட்டும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உடைத்துவிட்டேன்.

"எங்கன?" என்று தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.