என் படகைச் சுற்றவிட்ட தோஸ்த்துக்கு

உன் படகு ரிமோட்டின் பின்மூடியை இன்று காலை கழற்றினேன். உங்கள் மண்டியின் தோல் வாசனை குப்பென்று அடித்தது. "நீதானே பேட்டா அவனோட தோஸ்து, நீயே வெச்சிக்கோ" என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்த பெட்டி. பேட்டரியை எடுக்க விரலை விட்டால், அலைவரிசைக் கிறிஸ்டல் இருக்கும் இடத்தில் சிவப்பு. உன்னுடையது பச்சை. சிவப்பு என்னுடையது.

மஞ்சள் காமாலையில் போனவனுக்காக இரண்டு மாதம் அழுதேனே, அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடுடா!

சிங்கப்பூரிலிருந்து உன் சாச்சா கொண்டுவந்த இரண்டு ரிமோட் படகு செட்டில் ஒன்றை எனக்குத் தந்தபோது, உன்னைப்போல் நண்பன் உண்டா என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நகத்தளவுக் கிறிஸ்டல், இரண்டு ரிமோட்டிலும் ஒரே நிறம் இருந்தால் ஒரே படகு இரண்டு பேர் பேச்சையும் கேட்கும் என்று எனக்குப் படித்துக் காட்டியவனும் நீதான். உன் செட்டில் ஒரு சிவப்பு உபரியாக இருந்ததை மட்டும் படிக்கவில்லை.

ஞாயிறுதோறும் ஏரியில் போட்டி. ஒருவர் பின் ஒருவராகப் பாய்மரப் படகை விட்டு, நடுவில் மிதக்கும் எண்ணெய் டின்னைச் சுற்றிக்கொண்டு கரைக்குக் கொண்டுவர வேண்டும். உன் படகு அம்பு மாதிரி போய்வரும். என் முறை வந்தால் உனக்கு ஒன்றுக்கு வந்துவிடும். ரிமோட்டும் கையுமாக வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் போவாய். ஹெட்மாஸ்டர் சைக்கிளில் பெல்லைக் கழற்றிவிட்டு மாட்டு மணியைக் கட்டியவன் நான். எனக்கே உன் சேட்டை உறைக்கவில்லை. என் படகு டின்னை நெருங்கும். சட்டென்று பாய் தளர்ந்து, அங்கேயே வட்டம் போடும்.

"உன் படகுக்குக் காத்து ஜாஸ்தி, புத்தி கம்மிடா" என்று சொல்லிக்கொண்டே புதரிலிருந்து வருவாய். பையன்கள் எனக்குச் 'செக்கு' என்று பேர் வைத்தார்கள். தோல் உங்கள் வீட்டில், தோல்வி என் வீட்டில். நான்கு தடவை சுக்கானைப் பிரித்துச் சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தாயே, பாவி! வாய்க்கு வாய் உன்னைப் பாய், பாய் என்றேன். நீ என் பாயையே கவிழ்த்தாய்.

இன்றும் ஞாயிறு. இரண்டு மாதமாகத் தொடாத படகைத் தூக்கிக்கொண்டு, உன் சிவப்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஏரிக்குப் போனேன். முதலில் படகை விடுவது. பிறகு எல்லார் முன்னாலும் கையை விரித்து உன் மானத்தை வாங்குவது. செத்தவனாயிற்றே என்று பார்ப்பதாக இல்லை. என் பேர் எனக்குத் திரும்ப வேண்டும்.

படகு டின்னைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து என் காலில் முட்டியது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

"டேய் செக்கு, இன்னாடா இது! அவன் இருந்திருந்தா உன்ன ஜெயிக்க விட்டிருப்பானா?" என்றான் ஒருவன்.

கையை விரிக்க அதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தேன்.

"எங்கடா விட்டான்!" என்றுதான் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தனுக்கும் புரியவில்லை. நீ நின்றிருந்தால் உனக்கு மட்டும் புரிந்து முகம் கறுத்திருக்கும். அதைப் பார்க்கத்தானே பழி வாங்குவது? கையை மூடியபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பாலாறே ஆறாக இல்லை. என் கோபமும் ஆறவில்லை. அழுத நாட்களிலெல்லாம் நீ செத்தவனாக இருந்தாய். இன்று காலையிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட நீ பக்கத்திலிருந்து நகரவில்லை.