அட்டமி நவமியில் வள்ளம் விடுதல்

2007 ஜூலை 8, ஞாயிறு

மழை. நேற்றும் மழை. கோடை என்று கலண்டர் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹோலில் கடல் வரைபடம் விரித்தது. சோபாவைத் தள்ளினால்தான் ஸ்கொட்லாந்து எல்லை தெரிகிறது. நாலு மூலைக்கும் பாரம்: சீனிப் போத்தல், அயன் பெட்டி, என் இடது சப்பாத்து, மதுராவின் கெமிஸ்ட்ரிப் புத்தகம். மகளுக்குச் சோதனை எல்லாம் முடிந்தது, இனி அந்தப் புத்தகத்துக்கு இதுதான் வேலை.

திட்டம்: வடக்கே நோதம்பர்லாந்துக் கரை. வள்ளத்தைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவது. அங்கே ஒரு தீவு. கடல் வற்றினால் தீவுக்குக் கார் போகத் தெரு இருக்கிறது. பெருகினால் அந்தத் தெருவே இல்லை. மணல்திட்டுகளுக்கு நடுவால் தீவைச் சுற்றி மூன்று நாலு நாள் பாய் விரித்துக் காற்றில் ஓடவேண்டும். இரவில் கரையில் கூடாரம். ஆட்கள்: நான், மதுரா. வள்ளம்: பதினாலு அடி, செகண்ட் ஹாண்ட். வீட்டு முன்னால் இரண்டு மாதமாக நிற்கிறது. லண்டனில் எங்கள் பகுதி, செவன் கிங்ஸ் முழுக்க அதைப் பற்றித்தான் கதை.

மதுரா செப்டெம்பரில் யூனிவர்சிட்டிக்குப் போய்விடுவாள். பிறகு அப்பனோடு ஊர் சுற்ற எந்தப் பிள்ளை வரும்? இதற்குள் சிநேகிதிகள் நாலு பேர் ஓகஸ்ட் 5 ஸ்பெயினுக்குப் பறக்கிறார்களாம். மாத முடிவுக்குள் இவள் பதில் சொல்லவேண்டும்.

"உங்கட பிளான் சரியா இருந்தா வாறன் அப்பா. சும்மா 'பாப்பம், பாப்பம்' எண்டு இழுத்தீங்க எண்டா நான் ஸ்பெயின்."

நியாயம். என்னுடைய 'பாப்பம்' இந்த வீட்டில் பேர்போனது. மேல் பாத்ரூம் கதவுக்கு இன்னும் கைப்பிடி இல்லை.

சாந்தியிடம் அனுமதி கேட்டது. மனைவி என்றாலும் இந்த வீட்டின் உள்துறை அமைச்சு அவள்தான்.

"நாள் நான் பாத்துத் தருவன். அதிலை வெளிக்கிடுறதெண்டால் போங்கோ. இல்லையெண்டால் வள்ளத்துக்குள்ளை மண்ணைப் போட்டுக் கத்தரி நடுங்கோ."

பஞ்சாங்கம், மூக்குக் கண்ணாடி, பென்சில். ஊர் நேரத்தை லண்டன் நேரமாக்க விரல்விட்டுக் கணக்கு. தீர்ப்பு: ஓகஸ்ட் 1, புதன், திருதியை. நல்ல நாள். 12ஆம் திகதி ஆடி அமாவாசை, செத்துப்போன என் அப்பாவுக்காக நான் விரதம். அதற்கு முதல் வீட்டில் நிற்கவேண்டும்.

ஓகஸ்ட் 1. லீவு கேட்டாயிற்று. ஒரு பிரச்சினை முடிந்தது.

ஜூலை 9, திங்கள்

தூறல். பிரிட்ஜ், பிரீசர் திருத்துகிற என் வேலைக்கு முதல் வுல்லிச்சுக்குப் போய் லண்டன் ஆற்றைப் பார்த்தேன். ஆறு என்றாலும் அங்கே கடல் வந்து போகிறது.

காரணம்: மதுராவின் பாய்வள்ளக் கிளப்பில் எனக்கும் ஓட்டப் பழக்குகிற கிழவர். போன சனி என் தோளில் தட்டி, "நீ தீவுக்காரன், வற்றுப்பெருக்கு உன் ரத்தத்திலேயே இருக்கும்" என்றார். நான் பெரிய மாலுமி மாதிரித் தலையாட்டிவிட்டேன். என் ஊர் கோண்டாவில். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. கடலைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அந்தக் கடலும் பெருகினால் முழங்காலுக்கு மேல் போகாத மரியாதையான கடல். இங்கே ஒரு வீட்டு உயரம் ஏறி இறங்குகிறதாம். நம்ப முடியவில்லை. ஆகவே நேரில்.

பெருக்கு உச்சத்துக்கு வரும் நேரத்தை அட்டவணையில் பார்த்துப் போய்ப் படிக்கட்டில் நின்றது. தண்ணீர் ஏறி, நின்று, யோசித்து, திரும்பியது. மேல் மூன்று படி நனையவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர், ஏதும் தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். நாயைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

ஜூலை 13, வெள்ளி

குணம் அண்ணையின் கடையில் மீன் பிரீசர் பழுது. எங்கள் தெரு முனைக் கடை. நான் பிரீசருக்குப் பின்னால் குந்தியிருக்க, அவர் கல்லாவில் இருந்து:

"என்னடாப்பா, வள்ளம் எப்ப இறங்குது? மீன் எனக்குத்தானே?"

"மீன் பிடிக்கேல்லை அண்ணை. சும்மா ஓடப்போறம்."

"சும்மாவோ? ஏஜென்சிக்காரனுக்குக் காசு குடுத்துப் பிளேனிலை வந்து இறங்கின ஆள், இப்ப சும்மா வள்ளத்திலை போறாராம்."

மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா: "தம்பிக்கு நீந்தத் தெரியுமோ?"

"கொஞ்சம், அக்கா."

"கொஞ்சம் எண்டால்?"

பிரீசர் மோட்டரைப் போட்டு அந்தக் கேள்வியை மூடினேன்.

ஜூலை 16, திங்கள்

மழை விட்டு விட்டு. இரண்டு வேலைக்கு நடுவில், பின்நேரம், வுல்லிச். அதே படிக்கட்டு.

படிக்கட்டைக் காணவில்லை! எல்லாப் படியும் தண்ணீருக்குள். மேலே கம்பி வேலியின் கால் நனைகிறது. அதே ஆறு, அதே பெருக்கு உச்சம், ஒரு கிழமைதான் வித்தியாசம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடுத்த கடைக்காரர் இரண்டு தரம் போன் அடித்துவிட்டார், அவருடைய ஐஸ்கிரீம் இளகுகிறது.

ஏன்? நேற்று முன்தினம் அமாவாசை. போன திங்கள் அட்டமி நவமிப் பக்கம்.

வீட்டுக்கு வந்து நோதம்பர்லாந்து அட்டவணையை எடுத்துக் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பென்சிலால் மாதம் முழுக்க. பறுவம் என்கிற முழுநிலா, அமாவாசை: ஒன்றிரண்டு நாளில் பெரிய பெருக்கு. அட்டமி, நவமி: சின்னப் பெருக்கு. அச்சொட்டாக! இரண்டு கடதாசியும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன. சந்திரனை. உலகத்தில் முதன்முதல் நான்தான் கண்டுபிடித்த மாதிரி குசினிக்குள் நின்று சிரித்தேன். பிறகு அட்டவணையின் முதல் பக்கத்தைப் படித்தால் அங்கேயே எழுதியிருக்கிறது. சரி.

பிறகுதான் என் மூளையில் மற்றது ஏறியது. ஜூலை 30 பறுவம். ஓகஸ்ட் 1 எங்கள் நல்ல நாள். மாதத்திலேயே கடல் ஆக மூர்க்கமாக ஓடும் நாட்களில் ஒன்று.

மதுராவைக் கூப்பிட்டுக் காட்டியது. ஏழு வருடமாகப் பாய்வள்ளம் ஓட்டுகிற பிள்ளை. அதில் ஐந்து வருடம் நான் காருக்குள் இருந்து பேப்பர் படித்தவன்.

"அப்பா, அந்த ஐலண்ட் வாசல்ல தண்ணி ஓடுற ஸ்பீட் எங்கட வள்ளத்தைவிடக் கூட. முதலாம் திகதி போனா நாங்க பின்பக்கமாத்தான் போவம்."

"அப்ப எப்ப நல்லம்?"

விரலை வைத்தாள். 6, 7, 8. நானும் கலண்டரில் விரலை வைத்தேன். 6 அட்டமி. 7 நவமி. பிள்ளைக்குக் காது குத்தக்கூட எங்கள் ஆட்கள் தொடாத நாட்கள்.

"இஞ்சை பார் மதுரா, முதலாம் திகதியே வெளிக்கிடுவம். கரைக்குக் கிட்ட நியூகாசிலிலை ரூம் எடுத்து நாலு நாள் நிண்டுட்டு ஆறாம் திகதி வள்ளத்தை இறக்குவம். அம்மாவுக்கு ஏன் உதெல்லாம்?"

"அம்மா போன் பண்ணி, 'கடல்ல நிக்கிறியளோ' எண்டு கேட்டா?"

"ஓம் எண்டுவம்."

"நான் அம்மாட்ட பொய் சொல்லமாட்டன். பொய் எண்டா நான் வரேல்ல. நீங்க சொல்லுங்கோ."

ஜூலை 18, புதன்

சொல்லவில்லை. மரக்கறி வெட்டினாள், கையில் கத்தி. பிறகு பார்ப்போம்.

ஜூலை 19, வியாழன்

சொல்லவில்லை. சாந்திக்கு ஷிப்ட் கடுமை, கால் வலி. காலுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தேன். "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பாத்ரூம் கதவுக்குக் கைப்பிடி பூட்டியது. அதற்கும் அதே பார்வை.

ஜூலை 20, வெள்ளி

பேய் மழை. தெருவெல்லாம் ஆறு. வேலை கான்சல்.

சொல்லிவிட்டேன். இரண்டு கடதாசியையும் மேசையில் வைத்து, பென்சில் கோட்டைக் காட்டி. சத்தம் போடுவாள் என்று பார்த்தால் போடவில்லை. கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு நாளாக வாசித்தாள். அதைவிடச் சத்தம் போட்டிருக்கலாம்.

"அட்டமியிலை தண்ணி சும்மா இருக்குமோ?"

"சும்மா இராது. ஆனால் ஆகக் குறைவு."

"பறுவத்திலை?"

"வுல்லிச்சிலை படிக்கட்டையே காணேல்லை."

"வுல்லிச்சுக்கு ஏன் போனனீங்கள்?"

சொன்னேன். நாய்க்கதையையும். சிரிக்கவில்லை.

"நீங்கள் நினைக்கிறியள் எனக்கு விசர் எண்டு. நாள் பாக்கிறாள், நேரம் பாக்கிறாள் எண்டு."

"இல்லையப்பா."

"என்ரை பிள்ளையும் நீங்களும் தண்ணிக்குள்ளை நிக்கிறியள். நான் இஞ்சை. எனக்குப் பாய் கட்டத் தெரியாது, காத்துத் தெரியாது. நல்ல நாளிலை விட்டனான் எண்டது ஒண்டுதான் என்ரை கையிலை. அதையும் விட்டால் நான் எதைப் பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறது?"

என்னிடம் இருப்பது அட்டவணை. அது தண்ணீருக்கு.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஜூலை 24, செவ்வாய்

யோசிக்கிறாள்.

ஜூலை 27, வெள்ளி

யோசிக்கிறாள். மதுராவுக்குச் சிநேகிதிகளிடமிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். ஸ்பெயினில் கடல் நீலமாம், வற்றுவதே இல்லையாம். எனக்கும் ஆசை வந்தது.

சிறு சாமான்கள் சேர்த்தது: கயிறு, டோர்ச், தண்ணீர்க் கான், பருத்தித்துறை வடை ஒரு டின், இன்னும் ஒரு டின். பிள்ளை வராவிட்டால் தனியே போவதா? எனக்கு வள்ளத்தை நேராக நிறுத்தவே தெரியாது. வடையை மட்டும் ஒழுங்காகக் கையாளுவேன்.

ஜூலை 29, ஞாயிறு

மாலையில் சாந்தி போனில். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தமக்கையோடு. நான் படியில் இருந்து காது கொடுத்தது. வெட்கம்தான், ஆனாலும்.

"...ஓமக்கா, அட்டமியிலைதானாம்... இல்லை, அவர் கணக்குப் பாத்துத்தான் வைச்சிருக்கிறார், பிழை பிடிக்க ஏலாது... ஆர், எங்கட தம்பியோ? ஓமோம், விசா வந்து நவமியிலை பிளைட்... ஓமக்கா, மறந்தே போனன்! சூட்கேசை அம்மா முதலே நல்ல நேரத்திலை பக்கத்து வீட்டிலை கொண்டுபோய் வைச்சவ!"

பிறகு பஞ்சாங்கம் புரளும் சத்தம்.

படுக்கப்போகும்போது என்னிடம்: "முதலாம் திகதி காலமை சாமான் வெளிக்கிடும். ராகு காலத்துக்கு முதல். சாமான் போனால் பயணம் தொடங்கின கணக்கு. பிறகு நீங்கள் உங்கட தண்ணியைப் பாத்துப் போங்கோ."

"எங்கை போகும்?"

"குணம் அண்ணையின்ரை கடைக்கு."

ஜூலை 31, செவ்வாய்

வெயில்! மாத முடிவு.

மதுரா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில். ஆங்கிலமும் சிரிப்பும். சாப்பிடும்போது ஸ்பெயினுக்கு என்ன சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். சாந்தி மேசைக்குக் கீழே காலில் மிதித்தாள். கேட்கவில்லை. ஐம்பது வயதில் சோதனை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் எழுதின சோதனைகளின் முடிவுகளை நினைத்தால் நம்பிக்கை வரவில்லை.

ஓகஸ்ட் 1, புதன்

நல்ல வெயில். லீவு.

காலமை சாமியறைக்கு முன்னால் என் பழைய கன்வஸ் பையை வைத்து சாந்தி சொன்னாள்: "போற ஆக்களின்ரை சாமான் ஒவ்வொண்டு வேணும். பொதுச் சாமான் சரிவராது."

என் தொப்பியைப் போட்டேன். பை பாதிகூட நிரம்பவில்லை. அவள் மாடிப்படியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன்; "கூப்பிடாதேங்கோ" என்றாள். நின்றோம். பன்னிரண்டுக்கு ராகு காலம். குசினிக்குள் பிரிட்ஜ் கரகரத்தது, அதைத் திருத்தவேண்டும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

மதுரா இறங்கி வந்தாள், நித்திரை முகம், கையில் அவளுடைய லைஃப் ஜாக்கெட். பைக்குள் திணித்தாள்.

சாந்தி: "ஸ்பெயின்?"

"நேத்தே மாட்டன் எண்டு சொல்லியாச்சு அம்மா. ஒரு கொண்டிஷன். நான்தான் ஸ்கிப்பர். நான் திரும்பச் சொன்னா திரும்பவேணும். அப்பா 'பாப்பம்' எண்டு சொல்லக்கூடாது."

"ஓம்," என்றேன்.

"எத்தினை மணிக்கு வள்ளம் இறக்குறது எண்டதும் நான்தான்."

"ஓம்."

சாந்தி திருநீறு பூசிவிட்டாள். மகளுக்கு முதலில். முறைப்படி எனக்குத்தான் முதலில் வரவேண்டும். குனிந்து நெற்றியைக் கொடுத்தேன்.

தாயும் மகளும் ஆளுக்கொரு பிடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்குப் போனார்கள். குணம் அண்ணை அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் இடம் காட்டினாராம். "பயணமோ, ஒளிச்சோட்டமோ?" என்று கேட்டாராம். இவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலில்.

மதுரா வந்து வள்ளத்தின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, உள்ளுக்கு ஒரே மழைத் தண்ணி. இறையுங்கோ."

பாப்—

இறைக்கிறேன்.