சமநிலைக்குத் திரும்பும்

நாள் 212 | 06:40
முன்கணிப்புக் குடில், செவ்வாய்க் கோள். பதிபவன்: வைரவன், பேரியல் பொருளாதார ஆய்வு மாணவன். குடில் அழுத்தம் சீர்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். குன்றின் கீழே இருக்கும் ஊர் செங்குடி. அதன் பொருளாதாரம் என்றால் காற்றுதான். பாசித் தொட்டிகள் காற்றை உற்பத்தி செய்கின்றன, மக்கள் நுகர்கிறார்கள். அடுத்து எவ்வளவு வரும் என்று கணிப்பது என் வேலை. முன்கணிப்பாளன் ஊருக்குள் வசிக்கக் கூடாது என்பது இங்கே விதி. எனக்கு முன் இருந்தவர் ஒரு காற்று உருளை கூடுதலாக வாங்கினாராம். ஏதோ தெரிந்துதான் வாங்குகிறார் என்று ஊரே கிடங்கைக் காலி செய்துவிட்டது. அதனால் எனக்குக் குன்றின் மேல் தனிக் குடில், ஓர் ஆண்டுக்குத் தனிக் காற்று.

தொட்டி உற்பத்தி சற்றுக் குறைந்திருக்கிறது. என் கணித மாதிரிப்படி இது சுழற்சியின் இறக்கம். இரண்டு மாதத்தில் சமநிலைக்குத் திரும்பும். பங்கீடு தேவையில்லை, கையிருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர்ச் சபைக்கு எழுதினேன்.

நாள் 219 | 18:05
உமையாள் பேசினாள். சபையின் வானொலி அவள் பொறுப்பு. என் மனைவி.

"என்னங்க, உங்க பேச்சக் கேட்டு ஊரே ஆடிக்கிட்டிருக்கு. பூட்டிக் கெடந்த பெரிய கூடத்தத் தெறந்து காத்து நெரப்பியாச்சு. ரெண்டு கல்யாணம் வேற. மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான் வெக்கணும்."

நாளை நன்றாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றே செலவைக் கூட்டுவார்கள். பாடத்தில் உள்ளபடியே நடக்கிறது. பெருமையாக இருந்தது.

"ஒருவேளை திரும்பலைன்னா?" என்று மறுபடியும் கேட்டாள். சபை கூடி வானொலியில் என்னோடு பேசியபோதும் இதைத்தான் கேட்டாள். முதல் பருவப் பாடத்தைப் படித்துவிட்டு வா என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். இன்றும் சிரித்தேன்.

நாள் 226 | 14:20
தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன்.

புதிய தரவைச் சேர்த்ததும் போக்குக் கோடு கீழே வளைந்தது. நீண்டகாலப் போக்கையும் தற்காலிக ஏற்ற இறக்கத்தையும் வடிகட்டிப் பிரிப்பது எங்கள் வழக்கம். அந்த வடிகட்டி கடைசிப் புள்ளிகளில், அதாவது மிகப் புதிய தரவில், ஏமாற்றும். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். போக்கே சரிந்துகொண்டிருக்க, அதைத் தற்காலிக இறக்கம் என்று எழுதியிருக்கிறேன். தொட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று. என் மாதிரியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சமநிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் அப்படி வரும் விதமாக எழுதியவன் நான். செங்குடி திரும்பும் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை.

உடனே சொல்ல வேண்டும். ஆனால் இந்த மாதிரிதான் என் ஆய்வேடு. பூமியில் தேர்வாளர்கள் இந்த வாரம்தான் படிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தரவு வரட்டும்.

நாள் 233 | 07:15
தரவு வந்தது. தெரிந்ததுதான்.

"என்னங்க, கூடத்துல பிள்ளைகளுக்கெல்லாம் தலவலியாம். திரும்பிரும்ல?"

திரும்பும் என்றேன். தெரிந்தே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. அதற்குக் கௌரவமான வேறு பெயர் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

19:30
ஆய்வேடு ஏற்கப்பட்டதாகப் பூமியிலிருந்து செய்தி. என்னை இனி முனைவர் என்று அழைப்பார்கள். திரையை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 235 | 11:50
அனுப்பிவிட்டேன். முழு உண்மையும். கூடத்தை மூடுங்கள், இன்றே பங்கிடுங்கள் என்று. போன வாரமே சொல்லியிருந்தால் பூமியிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை எல்லாரும் தாக்குப்பிடித்திருப்பார்கள்.

13:30
"என்னங்க, கெடங்குக் கதவ ஒடைக்கிறாங்க. கையில கெடச்ச உருளையத் தூக்கிட்டு ஓடுறாங்க. உங்க மேல யாருக்கும் கோவமில்ல. அதுக்கெல்லாம் நேரமில்ல."

என் மாதிரியில் ஊர் முழுவதும் ஒரே ஒரு குடும்பம்தான். கணக்கு எளிதாகும் என்று அப்படி வைத்தேன். ஒரே குடும்பம் தன்னிடமிருந்தே பிடுங்கித் தின்னாது.

நாள் 236 | 09:10
என் உருளைகளை வண்டியில் ஏற்றிவிட்டு அவளை அழைத்தேன்.

"வராதீங்க. நீங்களே எறங்கி வர்றதப் பாத்தா, எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு மிச்சத்துக்கும் வெட்டிக்குவாங்க. பிள்ளைகள வானொலி அறையில வெச்சுப் பூட்டியிருக்கேன். அங்கயே இருங்க."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கதவருகே நின்றேன். அவள் சொன்னதற்காக நின்றேனா, அந்த முகங்களைப் பார்க்கப் பயந்து நின்றேனா. தெரியவில்லை. தெரியும்.

நாள் 239 | 06:40
பதில் இல்லை. உற்பத்தி, நுகர்வு, கையிருப்பு, மூன்று கோடும் மட்டமாகக் கிடக்கின்றன. ஏற்றமில்லை, இறக்கமில்லை. நான் சொன்ன சமநிலை. போய்ப் பார்க்க முகமில்லை. நன்றாக மூச்சு விடுகிறேன்.

06:52
வானொலி. உமையாள் இல்லை. குழந்தை. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

"மாமா, அத்தை கதவுக்கு வெளிய படுத்திருக்காங்க. கூப்பிட்டா எந்திரிக்கல. எங்களுக்கு மூச்சு முட்டுது. காத்து திரும்பி வரும்னு அத்தை சொன்னாங்க. வருமா?"

அந்த அறையில் அளவுமானி இல்லை. என் தரவில் அது இல்லவே இல்லை. மூன்று நாளாக மட்டக்கோட்டைப் பார்த்துக்கொண்டு—

வண்டியில் உருளைகள் அப்படியே இருக்கின்றன. என்னைப் பார்த்துப் பயப்பட இனி ஊரில் யாரும் இல்லை. முக்கால் மணி நேர இறக்கம். தாங்குவார்களா, கணிக்க மாட்டேன்.

வருமா, வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. திரும்பும் என்று பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னே—