அழித்த மஞ்சள் கோடு

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அப்படியே என்று நம்ப ஆசைதான், போனில் உன் குரல் வேறு மாதிரி இருந்ததே. அப்பாவின் முழங்கால் தேவலை. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் சின்னத் தகடு ஒன்றைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்தேன், அது அவர் கையில் மாட்டிக்கொண்டது. குண்டு பல்பில் எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் தெரிகிறதாம், எதிர்க்கடை சிவப்பு நியான் விளக்கில் கோடு கோடாகத் தெரிகிறதாம், ஓயாமல் அதையே பார்க்கிறார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, நேற்று படியேறி வந்து சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அளந்த ஒளிக்கோடுகளில் ஒன்று உன் பேராசிரியரின் அணு மாடல் சொல்லும் இடத்தில் விழவில்லை, திங்கட்கிழமை அவரிடம் காட்டும் படத்தில் அதை விட்டுவிடலாமா என்று கேட்டாயே, அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இந்த வாரம் என் வகுப்பில் நடந்த கூத்தைக் கேள். ஹைட்ரஜன் வாயு அடைத்த விளக்குக் குழாயை எரியவிட்டு, அதே மாதிரித் தகடுகளில் தெரியும் கோடுகளை வரையச் சொன்னேன். எலக்ட்ரான் இஷ்டத்துக்கு எங்கேயும் சுற்றலாம் என்றால் எல்லா நிறமும் கலந்து வரவேண்டும், தனித்தனிக் கோடாக வருவதால் அதற்குக் குறிப்பிட்ட படிகள்தான் உண்டு, படி இறங்கும்போது விடும் சக்திதான் இந்த ஒளி என்று நீட்டி முழக்கினேன். பிள்ளைகள் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று புத்தகத்தில் உள்ளதை அப்படியே வரைந்தார்கள், நானும் டிக் போட்டுக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சியின் தாளில் மட்டும் ஒரு மஞ்சள் கோட்டை வரைந்து அழித்த தடம். ஏண்டி அழிச்சே என்றால், வேற யாருமே போடலையே மிஸ் என்கிறாள். குனிந்து அவள் தகட்டில் பார்த்தேன், பளிச்சென்று மஞ்சள்! மூக்குக்கண்ணாடி போடாமல் உன் அம்மா மாட்டிவைத்தது ஹீலியம் குழாய். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, டிக் போட்ட நானும்தான்.

அந்தப் படிக்கணக்கு ஹைட்ரஜனுக்கு அச்சாகப் பொருந்தியது, இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திடம் வந்ததும் உதைத்தது, அதனால்தானே புது அணு மாடல் தேட வேண்டி வந்தது. பொருந்தாத கோடுகளை அன்றைக்கு எல்லோரும் அழித்திருந்தால்? உன் கோடு தப்பாகவும் இருக்கலாம், அங்கேயும் என்னைப்போல் ஒருத்தி இருப்பாள், திரும்ப அளந்து பார். அப்புறமும் அது அங்கேயே நின்றால் காட்டிவிடு. அவர் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் மறைத்துவிட்டு உனக்குத் தூக்கம் வராது, பெற்றவளுக்குத் தெரியாதா? அவ பார்த்ததை அவ சொல்லட்டும் என்கிறார் அப்பா, தகட்டைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

நீ நன்றாக இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. சொல்ல மறந்துவிட்டேன், தூங்குமூஞ்சி அந்த மஞ்சள் கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டாள், இந்த முறை பேனாவால்.

இப்படிக்கு,
கண்ணாடி போட்டுக்கொண்டே எழுதும்
அம்மா