பூ நின்ற கடை

அன்புள்ள தம்பி மசாஹிதேவுக்கு,

அக்கா யோரிகோ எழுதுவது. இங்கே செர்ரி மரங்கள் பாதி கொட்டிவிட்டன. காலையில் இன்னும் குளிர் இருக்கிறது. நீயும் ஷிஹோவும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பருவத்தைச் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மா நம்மைப் பழக்கிவிட்டாள், அதனால் சொல்லிவிட்டேன். இனி திட்டப் போகிறேன். உட்கார்ந்து படி.

போனிலேயே திட்டலாம்தான். ஆனால் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று நீ வைத்துவிடுவாய். அந்த "அப்புறம்" இரண்டு வருடமாக வரவில்லை. கடை திறந்த அன்று சாயங்காலம் மட்டும் நீயாகவே கூப்பிட்டாய். கடை எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. "பூ வந்துச்சா? பெருசா இருந்துச்சா? போட்டோ எடுத்து அனுப்பு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். போட்டோ கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

பூ வந்தது. பெரிதாகவே வந்தது. பூக்கடைக்காரர் குனிஷிமா, ஸ்டாண்டில் கட்டிய அந்தப் பூ அலங்காரத்தை வேனில் படுக்க வைத்தும் கதவு மூடாமல், கயிறு கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். என் வறுவல் கடை வாசல் பழைய சைக்கிள் கடையின் வாசல் என்பது உனக்குத் தெரியும். ஒரு ஆள் கை விரித்தால் சுவரைத் தொடலாம். அதில் பாதியை உன் பூ அடைத்துக்கொண்டது. லில்லி, ஜெர்பெரா, கார்னேஷன் என்று அவர் கடையில் இருந்ததையெல்லாம் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைப் பலகை. அதில் உன் கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே "இயக்குநர் ஓதகே மசாஹிதே". ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் நடைமேடையில் நின்றே படிக்கலாம், எழுத்து அவ்வளவு பெரிது.

குனிஷிமா உன்னிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாராம். "பேரைக் கொஞ்சம் சின்னதாப் போடலாமா தம்பி, இல்ல சும்மா 'தம்பி'ன்னு மட்டும் போடலாமா"ன்னு கேட்டாராம். நீ என்ன சொன்னாய்? "காசு ஒரு பிரச்சினையே இல்ல. இருக்கறதுலயே பெரிய எழுத்தாப் போடுங்க." அவர் என்ன செய்வார், பூ விற்கிறவர். டோக்கியோவிலிருந்து ஒருவன் போனில் பூ அலங்காரம் கேட்டால், கட்டி, எழுதி, கொண்டுவந்து வைப்பதுதான் அவர் வேலை. என் முகத்தைப் பார்க்காமல் பூவை இறக்கிவிட்டுப் போனார்.

டோக்கியோவில் இருந்து இருந்து உனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதா? நம் பக்கத்தில் கடை திறந்தால் வாசலில் வைக்கிற பூ கடைக்காரருக்கு இல்லை, ஊருக்கு. ஷட்டர் ஏறியதும் பெண்கள் பழைய செய்தித்தாளோடு பாய்ந்து ஆளுக்கு நான்கைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். எவ்வளவு சீக்கிரம் மொட்டையாகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம். ஷிஹோ கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு "ஐயோ, திருடறாங்க!" என்று கத்தினாளே, அன்று நாம் எவ்வளவு சிரித்தோம். புது சலூன் திறந்தபோது நீ ஒரு ஜெர்பெராவுக்காக மீன்கடைக்காரியோடு இழுபறி செய்து, கடைசியில் காம்பு உனக்கும் பூ அவளுக்குமாகப் பிரிந்ததே, அதுகூடவா நினைவில்லை? பூ நிற்கிற கடை நிலைக்காது என்று இந்த ஊரில் பிறந்த நாய்க்குட்டிக்கும் தெரியும்.

இப்போது கேள். என் வாசலில் அப்படி மூன்று பூ அலங்காரங்கள் நின்றன. ஒன்று பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அனுப்பியது. இன்னொன்று முட்டைப் பண்ணைக்காரர் அனுப்பியது. இரண்டும் சின்னவை. நான் ஷட்டரைத் தூக்கி, குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்வதற்குள் அந்த இரண்டும் காலி. பூச் சொருகியிருந்த பச்சை ஸ்பாஞ்சுதான் மிச்சம். நடுவில் உன்னுடையது ஒரு இதழ்கூடக் குறையாமல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ஒருவர் கைகூட நீளவில்லை. பூப் பிடுங்கத் தோளோடு தோள் இடித்தவர்கள், உன் பலகையைப் படித்துவிட்டு அப்படியே ஒதுங்கினார்கள். ஒரு சின்னப்பெண் லில்லியைத் தொடப் போனாள். அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என் கடைக்குள் வந்து ஒரு உருளைக்கிழங்கு கொரோக்கேயாவது வாங்கியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். நான் விடியுமுன் எழுந்து மசித்த உருளைக்கிழங்கு உள்ளே மலையாகக் கிடந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். தெரியாதது போல நீ இருக்கிறாய். அப்பாவின் மலைச்சரிவை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சோலார் கம்பெனிக்கு விற்றாய். உன் பெயரில் இருந்தது, விற்றாய், சரி. தேவதாரு மரங்களை வேரோடு வெட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் சரிவு கரைந்து வாய்க்காலில் இறங்கி, கீழே இருந்த வயல் எல்லாம் சேறாகியது. தொமோயே அக்காவின் நாற்றங்கால் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் நாள் முழுக்கச் சேறு வாரினோம். நானும் வாரினேன். ஓதகே வீட்டிலிருந்து ஒரு ஆள் நான் மட்டும்தான். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நீ என்ன செய்தாய்? போனில், "சட்டப்படி நம்மேல எதுவும் இல்லக்கா, சோலார் கம்பெனி பார்த்துக்கும்" என்றாய். அப்புறம் வீட்டுக்கு வீடு டோக்கியோ கேக் பெட்டி அனுப்பினாய். வயலில் சேறு கிடக்கும்போது கேக்! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது அதுதான். பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் என் வாசலுக்கே திரும்பி வந்தன. உனக்கு நான் சொல்லவில்லை. மனசு வரவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பூவாவது வராமல் இருந்திருக்கும்.

இந்தக் கடை எனக்கு விளையாட்டு இல்லை, ஹிதே. பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்து மூடிவிட்டார்கள். என் வயதுக்கு இனி யாரும் வேலை தரமாட்டார்கள். எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான். இது போனால் உன் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து ஷிஹோ போடுகிற சோற்றைத் தின்ன வேண்டும். ஷிஹோ நல்லவள், போடுவாள். ஆனால் நான் வரமாட்டேன்.

இரண்டாம் நாள் வியாபாரம் பாதியாகிவிட்டது. அடுத்த நாள் அதிலும் பாதி. லில்லியின் மகரந்தம் கொட்டி வாசல் சிமெண்டில் மஞ்சள் கறை. எண்ணெய் வாசனையும் லில்லி வாசனையும் கலந்து எனக்கே குமட்டியது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன யோரிகோ, பூ இன்னும் நிக்குது?" என்று கேட்டார். அவருக்கு வேறு பேச்சு இல்லை என்று அன்று அவர் கேட்ட வறுவலைக்கூட எரிச்சலோடு கட்டிக் கொடுத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அப்போதுதான் குனிஷிமா வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "யோரிகோ, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பலகை சும்மா சொருகித்தான் இருக்கு. உருவி உள்ள வச்சுடு. கேட்டா காத்துல விழுந்துடுச்சுன்னு சொல்லு. மத்தியானத்துக்குள்ள ஒரு பூ மிஞ்சாது. நானே ரெண்டு பொம்பளைங்களுக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றார். நல்ல மனுஷன். தன் பூ நிற்பது அவருக்கும் கேவலம்தானே.

நான் போய்ப் பலகையைப் பிடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி உருவியும்விட்டேன். உன் பெயரில் அப்பா பெயரின் ஒரு எழுத்து இருக்கிறது. அது என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. நம் வீட்டுப் பெயரை என் கையாலேயே பிடுங்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதா? உனக்குத் தம்பியே இல்லையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடியது. பலகையைத் திரும்பச் சொருகிவிட்டு, பாவம், குனிஷிமாவைப் பிடித்துத் திட்டினேன். "என் தம்பி பேர் போட்டு அனுப்பின பூ. நிக்கட்டும். நின்னு வாடட்டும்" என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்தப் பூ அனுப்பியதற்கு. மீதிப் பாதி, அந்தப் பலகையை என்னால் எடுக்க முடியாமல் செய்ததற்கு.

நேற்று தொமோயே அக்கா வந்தாள். சேறு வாரிய நாளுக்கப்புறம் என் வாசல் பக்கமே வராதவள். பூவுக்கு முன்னால் நின்று, உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தாள். தெருவே கேட்டிருக்கும். அப்புறம் உள்ளே வந்து கொரோக்கே கேட்டாள். அங்கேயே நின்றபடி ஒன்றைத் தின்றாள். நான் எண்ணெய்ச் சட்டியைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நல்லாத்தான் பண்றே. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லடி. நீ எங்ககூட நின்னு சேறு அள்ளினே, நான் பார்த்தேன். ஆனா அந்தப் பூவை என் கை தொடாது. போன்ல சொன்னா பூ வரும், மனுஷன் வருவானா? உன் தம்பி இங்க வந்து, அவன் கையால ஒண்ணை எடுத்துக் குடுக்கட்டும். வாங்கிக்கிறேன். வாங்கமாட்டேன்னா சொல்றேன்?"

வீட்டுக்காரருக்கும் சேர்த்து இன்னும் நான்கு கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே எதிர்வீட்டு அம்மா வந்தாள். அவ்வளவுதான், கூட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு ஓர் ஆள். ஓதகே வீட்டிலிருந்து இந்தத் தடவை நான் போகப்போவதில்லை, எனக்குக் கடை இருக்கிறது. நீ வருகிறாய். மீட்டிங் என்று சொல்லாதே. சனிக்கிழமை கடைசி ரயிலுக்கு வந்துவிடு. அப்பாவின் ரப்பர் பூட்ஸை வெளியே எடுத்து, சிலந்திக்கூட்டைத் தட்டி, கழுவிக் காயவைத்திருக்கிறேன். உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இரண்டு காலுறை போட்டுக்கொள். மண்வெட்டி தொமோயே அக்கா வீட்டில் இருக்கிறது. அதை நீயே போய்க் கேட்டு வாங்கு. திட்டுவாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொள். திட்டுகிறவளிடம் சட்டம் பேசாதே.

கேக் கொண்டுவராதே. பூவுக்கு யாருக்கும் போன் பண்ணாதே.

குழந்தைக்குச் சளி என்றாளே ஷிஹோ, இஞ்சியும் தேனும் வெந்நீரில் கலந்து கொடுக்கச் சொல். உனக்கும் இந்த வயதில் இரத்த அழுத்தம் என்று கேள்விப்பட்டேன், உப்பைக் குறை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான் ஆசை தீரத் திட்ட முடியும்.

லில்லி எல்லாம் கொட்டிவிட்டது, ஜெர்பெரா தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. குனிஷிமா வந்து, "வாடினது போதும், எடுத்துட்டுப் போறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்னேஷன் கொஞ்சம் இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறது. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக, உன்னைத் திட்டிக்கொண்டே, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஞாயிறு வரைக்கும் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்குமேல் தாங்காது.

கோபத்தோடு,
உன் அக்கா
யோரிகோ